பதினேழாம் கட்டடம், இரண்டாம் வாசல்

ஷென்யாங்கில் இன்று மைனஸ் பத்தொன்பது.
பேனா மை உறைந்துவிடும் என்று
பென்சில் கொடுத்திருக்கிறார்கள்.
ஒரு படிவத்துக்குப் பதினோரு யுவான்.
பாதியில் கதவைச் சாத்திவிட்டால் அதுவும் இல்லை.

கட்டடத்தைப் போன கோடையில் புதுப்பித்தார்கள்.
சுவருக்குக் குளிர் தாங்கும் மெத்தை போர்த்தி
அதன்மேல் முட்டைக்கரு மஞ்சள்.
என் வேலை, உள்ளே இருப்பவர்களின் திருப்தியை
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அடைப்பது.
படிவத்தில் ஐந்து முகங்கள்,
ஒன்றைவிட அடுத்தது சற்றுக் கூடுதலாக வாய் விரித்து.

முதல் தளத்தில் மியாவ் ரூய்லான்
கதவு திறக்கும்போதே "திருப்தி, திருப்தி" என்றார்.
நான் இன்னும் கேட்கவே இல்லை.
என் தோளுக்குப் பின்னால்
குடியிருப்புக் குழுவின் ஆளைத் தேடின கண்கள்.
நான் மட்டும்தான் என்றேன்.
"அப்படியானால் நான்கு போடு.
முட்டைக்கோஸ் ஊறப்போடும் ஜாடியைப்
படிக்கட்டுக்கு அடியிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.
இப்போது கட்டிலுக்கு அடியில்.
கனவெல்லாம் புளிக்கிறது."

இரண்டில் ஆளில்லை.

மூன்றில் கணவன் ஐந்து என்றான், மனைவி இரண்டு.
வீட்டுக்கு ஒரு படிவம்தான்.
சண்டை குழாயில் தொடங்கி
அவன் தம்பிக்குக் கொடுத்த கடனில் போய் நின்றது.
மூன்றரைக்கு முகம் வரையவில்லை யாரும்.

நான்கில் ஹௌ தெகுவான்.
எல்லாவற்றுக்கும் ஒன்று.
சாலைக்கு ஒன்று, வெந்நீர்க் குழாய்க்கு ஒன்று,
புதிய சைக்கிள் கொட்டகைக்கும் ஒன்று.
சைக்கிள் இருக்கிறதா உங்களிடம் என்றேன்.
"இல்லை. ஒன்று போடு."
பிறகு கையைப் பிடிக்காத குறையாகச்
சமையலறைக்குக் கூட்டிப்போனார்.
மெத்தை போர்த்தியவர்கள்
புகை வெளியேறும் துளையையும் சேர்த்து மூடியிருந்தார்கள்.
மூன்று முறை புகார்,
மூன்று முறை வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
"படத்தில் புகை விழுமா, சொல்."
கூரை மூலையில் கருப்பாய் ஒரு பதில் படிந்திருந்தது.
என் படிவத்தில் சமையலறை என்ற சொல்லே இல்லை.

ஐந்தில் ஒரு மாணவன், வாடகைக்கு இருப்பவன்.
வாடகை முந்நூறு ஏறியதாம்.
"மஞ்சளுக்கா?" என்றான்.
வாடகைக்காரர் கருத்து தேவையில்லை
என்று என் கையேட்டில் எழுதியிருக்கிறது.
அவனிடம் அதைச் சொல்லவில்லை,
எழுதிக்கொள்வதுபோல் பாவனை செய்தேன்.

ஆறாம் தளம் போய்ச் சேர்வதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது.
சூய் பெய்யுன். இடுப்பு எலும்பு முறிந்தவர்,
கீழே இறங்கி இரண்டு குளிர்காலம் ஆகிறது.
ஏழாம் கேள்வி: லிஃப்ட்.
"ஐந்து," என்றார்.
இந்த வாசலில் லிஃப்ட் இல்லையே அம்மா,
முதல் தளத்தில் வெளிச்சம் மறைக்கும் என்று
கையெழுத்துப் போடவில்லையாம்.
"தெரியும். அதற்காக ஒரு வருடம்
இந்த மேசையைச் சுற்றிக் கூட்டம் போட்டார்கள்.
ரூய்லான்கூட ஆறு மாடி ஏறி வந்து
ஏன் முடியாது என்று கத்திவிட்டுப் போனாள்.
திட்டம் நின்றது, யாரும் வருவதில்லை.
ஐந்து போடு. மறுபடி தொடங்கட்டும்."

அரசு மென்பொருள் சராசரியை உடனே சொல்லிவிடும்.
இந்த வாசல்: மூன்று புள்ளி ஐந்து.
'பிற கருத்துகள்' பகுதி இரண்டு விரல் அகலம்.
அதில் புளிப்பு, புகை, முந்நூறு யுவான்
என்று கிறுக்கினேன்.
யாரும் படிக்காத கையெழுத்து என்னுடையது.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
மாடிக்கு மாடி புதிய விளக்குகள்,
சத்தம் கேட்டால் எரிபவை.
ஆறில் காலை உதைத்தேன், எரிந்தது.
ஐந்தில் கை தட்டினேன்.
நான்குக்கு வருவதற்குள் கை மரத்துப்போய்
சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து
ஹௌ தெகுவான் ஒருமுறை இருமினார்.
விளக்கு எரிந்தது.
நான் மூன்றாம் தளத்துத் திருப்பத்தை அடையும்வரை
விட்டு விட்டு
இருமிக்கொண்டே இருந்தார்.